எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு

குடவாசல் பக்கத்து வீட்டுக் கொல்லைகளில் கிணற்றடியை ஒட்டி ஓர் எலுமிச்சையோ நாரத்தையோ நிற்பது சகஜம். மழை பெய்து கொத்துக் கொத்தாகத் துளிர் விட்டதும் வீட்டு அம்மாளுக்கு ஏக சந்தோஷம். சில நாள் கழித்துப் பார்த்தால் துளிரெல்லாம் சுருண்டு கிடக்கும். யாரோ வெள்ளி மையால் கிறுக்கியதுபோல் இலை முழுதும் வளைந்து வளைந்து கோடுகள்! "கண் பட்டுவிட்டது" என்பார் பாட்டி. "நத்தை ஊர்ந்திருக்கும்" என்பார் அடுத்த வீட்டு மாமி.

நத்தைத் தடமானால் துடைத்தால் போய்விடும். இது போகாது. கோடு இலையின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது.

அந்துப்பூச்சி ஒன்றின் புழு செய்கிற வேலை இது. தாய்ப்பூச்சி சிறகை விரித்தாலும் அரை சென்டிமீட்டர் தேறினால் அதிகம். வெள்ளை நிறம், சிறகு நுனியில் கறுப்புப் பொட்டு. (பொட்டு வைத்துக்கொண்டு வந்து இந்த வேலை!) இளந்துளிரில் அது முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு நேரே இலைத்தோலுக்கு அடியில் புகுந்து, சாற்றைக் குடித்துக்கொண்டே சுரங்கம் தோண்டிப் போகிறது. வெள்ளிக் கோட்டின் நடுவே கறுப்பாக ஓர் இழை தெரிகிறதே, அது புழுவின் எச்சம். முடிவில் இலை ஓரத்தை மடித்துக்கொண்டு உள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. வெயில் நாளில் முட்டை பூச்சியாவதற்கு இரண்டு வாரம் போதும்.

கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குப் போன பூச்சியைப் பார்த்து 1856-இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் இதற்குப் பெயர் சூட்டினார்: பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. நம் நாட்டுப் பூச்சி 1993-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தலைகாட்டி, ஆரஞ்சுத் தோட்டக்காரர்களைக் கலங்க அடித்தது. மறு வருஷமே அங்கே, இந்தப் புழுவின் உடம்பிலேயே வளர்ந்து அதைக் கொல்லும் சின்னஞ்சிறு குளவி ஒன்றைத் தருவித்து விட்டார்கள்.

நம் கொல்லையிலும் அப்படிப்பட்ட குளவிகள் உண்டு. கடை மருந்தை வாங்கித் தெளித்தால் முதலில் சாவது அவைதான். புழு தோலுக்கடியில் பத்திரமாக இருக்கும்! காய்க்கிற மரம் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். முற்றிய இலையைப் பூச்சி ஏறிட்டும் பாராது. சுருண்ட இலைகளையும் உருவிப் போட வேண்டாம். மிச்சமிருக்கும் பச்சை மரத்துக்கு உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. கவலை கன்றுக்குத்தான். அதன் வளர்ச்சி குன்றும். புழு கிழித்த வழியாகச் சொறி நோயும் புகுந்துவிடும். துளிர் விடும் சமயத்தில் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். அடிக்கடி உரம் போட்டுத் துளிரைத் தூண்டாதிருப்பது அதைவிட நல்லது.

வேப்பிலைக்கட்டி இடிக்க நாரத்தை இலை பறிக்கிறவர்கள் கோடு விழாத இலையாகப் பார்த்துப் பறியுங்கள். அந்த மரத்துக்கு யாராவது கடை மருந்து அடித்தார்களா என்பதையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.