பனிமலைக்குப் போனதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டோம்

மணாலியிலிருந்து திரும்பிய நான்காம் நாள் மூத்த தோழர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "மாநாட்டுக்கு வேன் வைக்கக் காசில்லன்னு சொன்ன பசங்க, பனிமலைக்கு மட்டும் எப்படிப்பா போனீங்க?" குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அவருக்கு நேரிலேயே பதில் சொல்லிவிட்டோம். அதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற ஒன்பது பேர், ஆளுக்கு மாதம் 500 ரூபாய் என்று இரண்டு வருடம் சேர்த்தோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர், டெல்லியிலிருந்து பஸ். இயக்கக் காசு ஒரு பைசா இல்லை.

நாங்கள் பயணம் போகாதவர்கள் அல்ல. மனு கொடுக்க கலெக்டர் ஆபீஸ், வன்கொடுமை வழக்கு வாய்தாவுக்கு கோர்ட், உடலுக்காக விடிய விடியக் காத்திருந்த முண்டியம்பாக்கம் பிணவறை வாசல், 2023இல் கோயில் பூட்டப்பட்டபோது மேல்பாதி. பத்து வருடமாக நாங்கள் சேர்ந்து ஏறிய வண்டியெல்லாம் ஏதோவொரு கொடுமை நடந்த ஊருக்குத்தான் போயிருக்கிறது. ஒருவரை ஒருவர் வேலையில்லாமல் பார்த்துக்கொண்டதே கிடையாது.

மலையும் அப்படித்தான். எங்களில் இருவருடைய அம்மாக்கள் வானூர்ப் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள். "மலைக்குப் போறேன்" என்றால் அந்த வீடுகளில் கூலிக்குப் போகிறேன் என்று அர்த்தம். ஒரு மலையை உடைக்காமல், சும்மா ஏறி இறங்குவதற்காகவே போவது என்பதை அந்த அம்மாக்களுக்குப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது.

சோலாங் பள்ளத்தாக்கில் வாடகைக்கு கோட்டும் கம்பூட்டும் வாங்கிக்கொண்டு, அஞ்சனி மகாதேவ் பக்கமாகக் காலையில் நடந்தோம். பூட்ஸுக்குள் முந்தைய ஆளின் ஈரம் அப்படியே இருந்தது. பனி பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தோம். மிதித்தால் உப்பளத்து உப்புப் போல நொறுங்குகிறது, மிதிபட்ட இடத்தில் கண்ணாடியாய் வழுக்குகிறது. ஒருவர் விழ, தூக்கப் போனவர் விழ, ஒன்பது பேரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். எங்கள் குழுவில் மிகக் கடுமையானவர் என்று பெயரெடுத்த அக்கா, பெயர் தெரியாத ஒரு குழந்தையோடு அரை மணி நேரம் பனிப்பந்து எறிந்து விளையாடினார். அவரைப் பத்து வருடமாகத் தெரியும். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

இன்னொன்றும் நடந்தது. முந்தைய நாள் தங்கும் வீட்டில் "முழுப் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். வடக்கே அந்தக் கேள்வி எதற்கு என்று நமக்குத் தெரியும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சொன்னோம். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஊரையும் தெருவையும் கேட்டாலே போதும், எங்களைப் படித்துவிடுவார்கள். படிக்க முடியாதவர்களாக ஒரு நாள் முழுக்க நடந்தது எவ்வளவு லேசாக இருந்தது என்பதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

ஆனால் அது எங்கள் விடுதலை அல்ல. டூரிஸ்டுக்குக் கிடைக்கும் சலுகை. 2011 கணக்கெடுப்பின்படி இமாச்சல மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 25 சதவீதம், தமிழ்நாட்டைவிட அதிகம். மணாலி இருக்கிற அதே குல்லு மாவட்டத்தில், 2018 பிப்ரவரியில், தேர்வு பற்றிப் பிரதமர் மாணவர்களிடம் பேசிய நிகழ்ச்சியை டிவியில் பார்க்க வந்த தலித் பிள்ளைகள் தனியாக வெளியே, குதிரை கட்டும் இடத்தில் உட்கார வைக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. மலையில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால், அவர் அங்கே இரண்டு நாள் தங்கி வந்தவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

போராட்டம் முடிந்த பிறகுதான் மகிழ்ச்சி என்றால், எங்களில் யாருக்கும் அது வாய்க்காது. தோழரிடம் நாங்கள் பூர்ணாவைப் பற்றித்தான் பேசினோம். 2014 மே 25 அன்று மாலாவத் பூர்ணா என்ற பழங்குடிச் சிறுமியும் ஆனந்த்குமார் என்ற தலித் மாணவரும் எவரெஸ்ட் ஏறினார்கள். பூர்ணாவுக்கு அப்போது பதினான்கு வயதுகூட நிறையவில்லை. பெற்றோர் விவசாயக் கூலிகள். இருவரும் ஆந்திர சமூகநலத் துறையின் உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பள்ளிகளின் செயலாளராக இருந்த பிரவீன்குமார் என்ற அதிகாரி, நம் பிள்ளைகளுக்குச் சோறும் புத்தகமும் போதும் என்று நினைக்கவில்லை. புவனகிரிப் பாறையிலும் டார்ஜிலிங்கிலும் லடாக்கிலும் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். பொதுப்பணத்தில்தான் நடந்தது. வீண்செலவு என்று அவர்களிடம் யார் சொல்ல முடியும்?

நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளைப் பற்றி நாம் கொடுத்த மனுக்களை எடுத்துப் பாருங்கள். கழிப்பறை, தண்ணீர், அரிசி, வார்டன். எல்லாம் நியாயம்தான், இன்னும் கொடுக்கத்தான் வேண்டும். ஒரு மனுவிலாவது விளையாட்டும் சுற்றுலாவும் கேட்டிருக்கிறோமா? வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலையேற்றப் பாதைகளைக் கட்டணத்தோடு திறந்தது. வருடத்துக்கு ஒரு நாள் விடுதி மாணவர்களை அங்கே இலவசமாக அழைத்துப் போகச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் வரலாம்.

அதுவரை செஞ்சி இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராத்தியர் கோட்டைகளோடு அதுவும் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. எல்லோரும் ராஜகிரி ஏறுகிறார்கள், கொஞ்சம் பேர் கிருஷ்ணகிரி. பக்கத்தில் சக்கிலிதுர்க்கம் என்று ஒரு சிறு குன்று உண்டு. அந்தப் பெயர் ஏன் வந்தது, அங்கே யார் இருந்தார்கள் என்று எந்த கைடும் எங்களுக்குச் சொன்னதில்லை. வரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதிப் பிள்ளைகள் இருபது பேரோடு போகிறோம். காலையில் ராஜகிரி, மதியம் அந்தக் குன்று. முள் அடர்ந்திருக்கிறது, ஏற வழி இருக்கிறதா என்று போய்த்தான் பார்க்க வேண்டும். வருகிறவர்கள் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். தோழரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், முட்டி வலிக்காமல் இருந்தால்.