விலைக்கு இறக்கை, கூலிக்கு விலங்கு!

ஒரு வினாவோடு தொடங்குவோம். பதுளைக் கடைத்தெருவிலே கோதுமை மாவின் விலை ஏறுவதற்கு எத்தனை நாள் வேண்டும்? ஓர் இரவு போதும். அதற்காகச் சம்பள நிர்ணய சபை கூடுவதில்லை. எந்த நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதிப்பதில்லை. காலையிலே கடைக்காரர் புது விலையைச் சொல்வார். இருந்தால் கொடுப்போம், இல்லையேல் வெறும் பையோடு மலையேறுவோம்.

அதே பதுளை மாவட்டத்திலே, பசறையிலோ மடுல்சீமையிலோ அப்புத்தளையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் நாட்கூலி ஏறுவதற்கு எத்தனை காலம் வேண்டும்? கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 1,000 ரூபா வேண்டும் என்ற குரல் 2015ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது. 2016இல் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தம் தந்தது, எல்லாப் படிகளையும் சேர்த்து 730 ரூபா. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆயிற்று என்று பறை முழக்கினார்கள். பறை ஓய்ந்த பின் பார்த்தால், வரவுக்கும் மேலதிகக் கொழுந்துக்கும் கொடுத்த படிகள் வெட்டப்பட்டிருந்தன. முழுத்தொகை 750. இருநூறு ஏறியது என்றார்கள். கைக்கு வந்தது இருபது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதற்கு ஒப்பந்தம் என்று பெயர்.

அந்த 1,000 ரூபா 2021 மார்ச்சிலேதான் வர்த்தமானியில் வந்தது. அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. அதற்குப் பின் நாடு கண்ட கேட்டை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடு. அஃதாவது, ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா. அவ்வேளையிலும் தோட்டத்துக் கூலி அதே 1,000தான். 2024 செப்டெம்பர் வரை, மூன்றரை ஆண்டுகள், அந்த எண் அசையவில்லை. கூலியைக் குறைக்கிறோம் என்று எவரும் அறிவிக்கவில்லை. ஆயினும் உணவுக் கணக்கிலே அது பாதியாயிற்று.

"நாங்கள் என் செய்வோம்? எங்களுக்கும் நட்டமே" என்கின்றனர் கம்பனிக்காரர். உரமும் எரிபொருளும் விலையேறின, விளைச்சல் குன்றியது, உண்மையே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2021இல் இரசாயன உரத்தை ஒரே ஆணையால் தடை செய்தவர் யார்? கொழுந்து பறிக்கும் பெண்ணா? மற்றொன்றும் கேட்கிறோம். 2022இல் ரூபா சரிந்தபோது கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை, ரூபாக் கணக்கிலே, முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ இரு மடங்காயிற்றே! நட்டத்தில் பங்கு கேட்பவர்கள் அந்த ஏற்றத்தில் பங்கு தந்தார்களா?

1992இல் அரசு இத்தோட்டங்களின் நிருவாகத்தைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. குத்தகைக் காலம் 53 ஆண்டுகள். பயிரை வளர்ப்பார்கள், பழம் புதரைப் பிடுங்கிப் புதுக்கன்று நடுவார்கள் என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். இன்று ஊவா மலைகளிலே மூப்படைந்த செடிகளும், காடேறிய மலைகளும் எத்தனை என்று நடந்து பார்ப்போருக்குத் தெரியும். செடியைக் கிழடாக்கிவிட்டு, "கிலோ போதாது, உனக்கு அரைப் பேர்தான்" என்று தொழிலாளியிடம் சொல்வது எந்த நீதி? கூலி ஏறும் போதெல்லாம் பறிக்க வேண்டிய கிலோவும் ஏறுகிறது. வேலை நாள் குறைகிறது. வர்த்தமானியில் உள்ள தொகை முழுப் பேருக்கே உரியது. வீட்டுக்கு வருவது அரைப் பேரின் சம்பளம்.

இனி அரசியலாருக்கு வருவோம். 2024 மே தினத்தன்று கொட்டகலையிலே 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது. வெடி வெடித்தது, பாற்சோறு பகிரப்பட்டது. ஜூலையிலே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், மிஞ்சியது 1,350. ஆட்சி மாறியது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்திலே அடிப்படைச் சம்பளத்தை 1,550 ஆக்கவும், வேலைக்கு வரும் நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசே கொடுக்கவும் முன்மொழியப்பட்டது.

பசித்தவன் கைக்கு வரும் 200 ரூபாவை நாம் பழிக்க மாட்டோம். ஆனால் அது எவர் பணம்? 2024 ஜனவரி முதல் வற் வரி 18 விழுக்காடு. தோட்டத் தொழிலாளி வாங்கும் சவர்க்காரத்துக்கும் அவ்வரி உண்டு. கொழும்பு மாளிகையில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் அதே வரிதான். தொழிலாளியிடம் வாங்கிய வரியிலிருந்து தொழிலாளிக்குக் கூலி! கம்பனி கொடுக்க வேண்டியதை நாட்டு மக்கள் கொடுக்கின்றனர். இது தொழிலாளிக்கு உதவியா, முதலாளிக்கு மானியமா?

1948இல் குடியுரிமையைப் பறித்து இம்மக்களை வாக்கில்லாதவர் ஆக்கினர். அன்று கேட்க நாதியில்லை. இன்று வாக்கு இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை லயத்து வாசலுக்கு வாகனமும் வருகிறது. ஆனால் 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்றே, முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தும் அம்மக்களை அங்கிருந்து பெயர்த்துக் குடியமர்த்த எவர் முன்வந்தார்? 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி வந்தபோதும் பதுளையின் சரிவுகளிலே அதே அச்சம், அதே அழுகை. இருநூறு ஆண்டு உழைத்தும் சொந்த நிலமில்லாதவன் ஆபத்தென்று அறிந்தும் எங்கே போவான்?

தொழிற்சங்கங்களும் எம் வினாவுக்குத் தப்ப முடியாது. தொழிலாளரிடம் சந்தா வாங்குகின்றன. அந்தச் சந்தாவுக்கு ஈடாக, விலைவாசி ஏறிய அந்த மூன்றரை ஆண்டிலே பெற்றுத் தந்தது என்ன?

நாம் கேட்பது பிச்சையன்று, கணக்கு. விலைச்சுட்டி ஏறினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூலியும் தானாக ஏறட்டும். அதற்கு மேடையும் வேண்டாம், மே தினமும் வேண்டாம். மாதத்தில் இத்தனை நாள் வேலை என்பது எழுத்தில் உறுதியாகட்டும். முழுப் பேருக்கு எத்தனை கிலோ என்பதை மலையின் நிலையையும் செடியின் வயதையும் பார்த்து, தொழிலாளரின் பிரதிநிதியும் அமர்ந்து தீர்மானிக்கட்டும். நட்டம் என்போர் கணக்கேட்டை விரித்துக் காட்டட்டும். பாதுகாப்பான நிலமும், அதற்கு உறுதிப் பத்திரமும் கொடுக்கப்படட்டும்.

ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்திலே ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் ஏறுகிறது. அம்மணத்துக்கு உலகச் சந்தை தனி விலை கொடுக்கிறது. அக்கொழுந்தைக் கிள்ளியவளோ தூள் தேநீரைச் சீனியில்லாமல் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம் வேறெதையும் கேட்க வேண்டாம், தோழர்களே. இந்த ஐந்தையும் எழுதி நீட்டுங்கள். ஒப்பமிடுபவன் உள்ளே வரட்டும். சிரித்து மழுப்புபவனுக்கு வந்த வழியைக் காட்டுங்கள்!