கார்பன் பாஸ், காடு ஃபெயில்

ஒரு மழைக்காடு நலமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதன் மண்ணில் இருக்கும் அங்ககக் கார்பனை அளந்தாலே போதும் என்று ஒரு பேச்சு. எங்கள் வகுப்பு செமினாரிலும் அதே பாட்டுதான். அளக்கட்டும், நல்ல விஷயம். அந்தப் 'போதும்' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

"காரைக்குடி ஆளுக்கு மழைக்காட்டைப் பத்தி என்னய்யா தெரியும், உங்க ஊர்ல மழையே கிடையாதே" என்று கிண்டல் செய்பவர்களுக்கு: எங்க ஊர்ப் பெரிய வீடுகளின் தூணெல்லாம் பர்மா தேக்கு. ஒரு காடு கப்பலேறித் தூணாக வந்து நிற்கும் கதை எங்களுக்குத் தெரியாததா :)

முதலில் அளக்கிற லட்சணத்தைப் பாருங்கள். 2015ல் வந்த மண்வள அட்டையில் 'அங்ககக் கார்பன்' என்று ஒரு வரி இருக்கும். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேலே என்றால் அதிகம். வயலுக்கு அது உருப்படியான கணக்குதான். இன்றும் பல ஆய்வகங்களில் இதற்கு 1934ல் வாக்லியும் பிளாக்கும் சொன்ன முறைதான்: பொட்டாசியம் டைகுரோமேட், கந்தக அமிலம், டைட்ரேஷன். இது மண்ணின் கார்பனில் சுமார் முக்கால் பங்கைத்தான் பிடிக்கும். மீதிக்கு 1.3 ஆல் பெருக்கிக்கொள்வார்கள். வயல் மண்ணோ மழைக்காட்டு மண்ணோ, எல்லாவற்றுக்கும் அதே 1.3!

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. சதவீதத்தை 'எக்டேருக்கு இத்தனை டன்' என்று மாற்ற மண்ணின் பரும அடர்த்தி வேண்டும். வழக்கமாக மேல் 30 செ.மீ. மண்ணுக்குத்தான் கணக்கு. மாடும் ஜீப்பும் தடி இழுக்கும் லாரியும் போய்ப் போய் மண் இறுகிவிட்டால், அதே 30 செ.மீ.க்குள் அதிக மண் அடங்கும். சதவீதம் மாறாமல் இருந்தாலே டன் கணக்கு ஏறிவிடும். அதாவது, காட்டை மிதித்தால் மார்க் கூடும்! (ஆழத்துக்குப் பதில் சம எடை மண்ணை ஒப்பிட்டால் இந்தக் கோளாறு போய்விடும். அதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.)

சரி, துல்லியமாகவே அளந்துவிட்டோம் என்று வையுங்கள். நீலகிரி மேல்மலையில் சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து இருக்கின்றன. குளிரில் எதுவும் மெதுவாகத்தான் மக்கும் என்பதால் புல்வெளி மண்ணிலும் கார்பன் கொட்டிக் கிடக்கிறது. மரமே இல்லை, மார்க் மட்டும் நிறைய. 1993ல் சுகுமார் குழுவினர் அங்குள்ள சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து, சுமார் 20,000 ஆண்டுகளில் எப்போது புல் ஓங்கியது, எப்போது மரம் ஓங்கியது என்று சொன்னார்கள். அவர்களிடம் பேசியது கார்பனின் ஐசோடோப்பு. எத்தனை டன் என்ற கணக்கு அல்ல.

இருவாச்சி இல்லாத காட்டை நினைத்துப் பாருங்கள். பெரிய விதைகள் தாய்மரத்தடியிலேயே கிடந்து வீணாகும், அடுத்த தலைமுறை மரம் வராது. மண்ணின் கார்பனோ பல வருடங்களுக்கு அப்படியே இருக்கும். டெஸ்ட் ட்யூபுக்கு இருவாச்சியைத் தெரியாது.

வால்பாறையில் தேயிலைக்கும் காபிக்கும் வெட்டியது போக மிஞ்சிய காட்டுத் துண்டுகளில், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் 2000களின் தொடக்கத்திலிருந்து நாட்டு மரங்களை நட்டு வருகிறார்கள். 2019ல் வந்த அவர்களின் ஆய்வில் மரங்களின் கார்பனும் இருந்தது. கூடவே எத்தனை வகை மரங்கள், அவை பழைய காட்டின் மரங்கள்தானா என்ற கணக்கும் இருந்தது. அது வேலை!

எதற்கு இவ்வளவு கோபம் என்றால், இதில் பெரிய புள்ளிகள் அடங்கியிருக்கின்றன. இந்திய வன நிலை அறிக்கை 2019ன்படி நம் காடுகளின் கார்பன் 7,124.6 மில்லியன் டன். அதில் 4,004 மண்ணுக்குள். ஒரு எக்டேருக்கு மேல் பரப்பு, பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கூரை இருந்தால் தோப்பும் அந்த அறிக்கைக்குக் காடுதான். வெட்டிய காட்டுக்கு ஈடாக மரம் நடும் நிதிக்கு 2016ல் சட்டமும் வந்தாயிற்று. நாளைக்கு ஒருவர் தைலமரத் தோட்டத்து மண்ணைக் காட்டி "கார்பன் சமம், கணக்கு நேர்" என்றால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

அடுத்த செமினாரில் கார்பன் எண்ணைத் திரையில் போடுகிறவர்கள், எத்தனை ஆழம் தோண்டினீர்கள், பக்கத்துத் தொடாத காட்டில் எவ்வளவு இருந்தது, அங்கே என்னென்ன கன்றுகள் முளைத்திருந்தன என்பதையும் சேர்த்துப் போடுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.