மண் சுமந்தவர்களுக்கும் ஓர் அறை

மைசூரு இரயில்வே கோட்ட மேலாளர் அவர்களின் சமூகத்துக்கு, இந்நகரில் குடியிருக்கும் தமிழன் ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

1979 இல் நிறுவப்பெற்று, டெல்லிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே இரண்டாவதென்ற பெருமை பெற்ற நமது இரயில் அருங்காட்சியகத்தில், மகாராணியார் பிரயாணம் செய்த பெட்டியின் முன் பள்ளிப் பிள்ளைகள் வியந்து நிற்பதைப் பலமுறை கண்டு மகிழ்ந்திருக்கிறேன். அந்த ராஜ வைபவத்தைப் பற்றி எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஆயினும், அப்பெட்டி ஓடிய பாதை எவருடைய உழைப்பால் உண்டாயிற்று என்னும் சரித்திரத்துக்கும் அங்கே தனியாக ஓர் அறை ஒதுக்கப்பட வேண்டும் என்பதே இம்மடலின் விண்ணப்பம்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட அந்தப் பெரும் பஞ்சம் 1876 இல் தொடங்கியபோது, மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்தது ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் வரை 1864 இல் போடப்பட்ட ஒரே பாதைதான். பெங்களூருக்கு அப்பால் தானியம் போய்ச் சேர மாட்டுவண்டியைத் தவிர வேறு கதியில்லை, பஞ்சத்தில் மாடுகளும் மடிந்துகொண்டிருந்தன. 1871 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50 இலட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை, 1881 இல் ஏறக்குறைய 42 இலட்சமாகக் குறைந்துவிட்டது. அந்த நாட்களில் பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கப்பட்டதுதான் பெங்களூர்–மைசூர் மீட்டர் கேஜ் பாதை. கூழுக்கும் கூலிக்குமாக மண் வெட்டிச் சுமந்து கரை கட்டியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 1881 இல் ஆட்சி மீண்டும் மைசூர் அரச வம்சத்தின் சாமராஜேந்திர உடையாரின் கைக்கு வந்தபோது திவானாகப் பொறுப்பேற்ற ரங்காசார்லு, செங்கற்பட்டு ஜில்லாவில் பிறந்து இந்நாட்டுக்கே தம்மை அர்ப்பணித்தவர்; பஞ்சத்தால் கஜானா வறண்டிருந்த அந்தக் காலத்திலும் இந்த வேலையை அவர் கைவிடாததால், 1882 இல் புகைவண்டி மைசூரை வந்தடைந்தது.

பிறகு கிளைகள் பல தோன்றின. பௌரிங்பேட்டையிலிருந்து கோலாருக்கு 1913 இல் இரண்டரை அடி அகலப் பாதை; தரீகெரேயிலிருந்து நரசிம்மராஜபுரம் வரை காட்டு வழியே இரண்டடி அகலத்தில் டிராம்வே; அரசிக்கெரேயிலிருந்து மைசூருக்கு 1918 இல் மற்றொரு பாதை. 1924 இல் அசோகபுரத்தில் எழுந்த பணிமனையைச் சுற்றி ஒரு தொழிலாளர் உலகமே உருவாயிற்று. சங்கு ஊதும் நேரத்தை வைத்தே அடுப்பு மூட்டிய வீடுகள் அங்கே உண்டு. 1951 இல் மைசூர் சமஸ்தான இரயில்வே தென்னக இரயில்வேயோடு இணைந்தபின், அந்தச் சமஸ்தானப் பெயர் வண்டிகளிலிருந்து மறைந்தது.

நஞ்சன்கூட்டுப் பழைய பாலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கபினி நதியின் மேல் 1735 இல் தளவாய் தேவராஜர் கட்டிய அக்கல்பாலம், காளைகளுக்கும் பல்லக்குகளுக்குமாக எழுப்பப்பட்டது. இரயில் என்பது உலகில் எங்குமே இல்லாத காலம் அது. எனினும் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் மேல் தண்டவாளம் ஏறியபோது அந்தக் கல் வளைவுகள் இஞ்ஜினின் பாரத்தையும் தாங்கிக்கொண்டன. ஒரே பாலத்தில் ஒருபுறம் சாலை, மறுபுறம் இரயில். நடந்துபோகிறவன் கைநீட்டும் தூரத்தில் வண்டி ஊர்ந்து செல்லும். நஞ்சுண்டேசுவரர் தேர்த்திருவிழாவுக்கு வரும் ஜனங்கள் வண்டி பாலத்தின் மேல் ஏறியதும் கபினியைக் கண்டு கைகூப்புவார்கள். அகலப் பாதை வந்தபின், இன்றைக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பாலத்துக்கு இரயில் சேவையிலிருந்து ஓய்வு கிடைத்தது. அகலப் பாதையை நான் குறைசொல்லவில்லை. சாமராஜநகரத்து விவசாயிக்கு அது வேண்டியதே. ஆனால் நூறாண்டுக்கு மேல் இரயிலைச் சுமந்த பாலத்தில், மீட்டர் கேஜ் தண்டவாளம் கொஞ்ச தூரமேனும் பேணப்பட்டு, அதன் வரலாறு கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைக்கப்பட வேண்டாமா?

சென்னையில் 1895 இல் ஓடத் தொடங்கிய டிராம் 1953 இல் நின்றது. அதில் ஏறிய தலைமுறையின் வாய்மொழி முறையாகப் பதிவாகுமுன்னரே அவர்களில் மிகப்பலர் காலமாகிவிட்டனர். மைசூரில் அந்நிலை நேரக்கூடாது. நீராவி இஞ்ஜினில் நிலக்கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேன்களும், அசோகபுரத்துப் பட்டறையில் சக்கரம் கடைந்தவர்களும், லெவல் கிராஸிங் கேட்டைக் காத்தவர்களும் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது. அந்தந்த மொழியிலேயே அவர்களுடைய வார்த்தைகளை ஒலிப்பதிவு செய்து, சமஸ்தான இரயில்வேயின் தஸ்தாவேஜுகளிலும் கால அட்டவணைகளிலும் எஞ்சியுள்ளவற்றைத் தொகுத்து, அருங்காட்சியகத்தில் ஓர் அறையில் வைக்குமாறு வேண்டுகிறேன்.

இது பெருஞ்செலவுக்குரிய காரியமன்று; இதனினும் பெரிய காரியம் முன்பே நடந்திருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் ஆயுதக்கிடங்கு இரட்டைப் பாதைக்குக் குறுக்கே நின்றபோது, 2017 இல் அதை இடித்துத் தள்ளாமல், முழுக் கட்டடமாகவே நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தது இதே இரயில்வே ஸ்தாபனம். கல்லுக்குக் காட்டிய அந்தக் கரிசனத்தை மனிதருக்கும் காட்டுமாறு கேட்கிறேன். தாங்கள் உத்தரவிட்டால், அசோகபுரத்து முதியோர்களை அவரவர் வீட்டிலேயே சந்தித்துத் தமிழில் அவர்கள் சொல்வதை எழுதித் தர நானும் சித்தமாயிருக்கிறேன். வயதில் மூத்தவர்களிடமிருந்து தொடங்குவது நலம்.

இங்ஙனம்,
மைசூருவாழ் தமிழன்