மேல்நிலைப் பள்ளியின் வாயிலில்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவருகின்றது. அது வெளிவந்த சின்னாட்களுக்குள் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள மேல்நிலைப் பள்ளிகளின் தாழ்வாரங்கள் பெற்றோரால் நிரம்பிவிடும். மதிப்பெண் பட்டியலைக் கையிற்பற்றி அவர்கள் வரிசையில் நிற்பர். உள்ளிருந்து ஒரு வினா எழும்: “எந்தக் குரூப்?” அதற்கு விடை கூற அவர்களுக்குக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் அரை நிமிடமே. அந்த அரை நிமிடத்தில் ஒரு பிள்ளையின் ஈராண்டுப் படிப்பும், அதன்பின் வரும் வாழ்வின் பெரும்பகுதியும் முடிவு செய்யப்படுகின்றன. இவ்வழக்கம் மாறுதல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் கூறப் புகும் கருத்து.

நம் விருதுநகர் மாவட்டத்தார் கல்வியிற் பின்தங்கியவரல்லர். பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் இம்மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தை எய்தியிருக்கின்றது. 2023ஆம் ஆண்டின் மேல்நிலைத் தேர்விலும் அவ்விடம் நமக்கே கிட்டியது. இஃது ஆசிரியர்தம் உழைப்புக்கும் மாணவர்தம் ஊக்கத்துக்கும் சான்று. ஆயினும், எத்தனைபேர் தேறினர் என்பதை எண்ணிப் பார்க்கும் நாம், தேறியவர் தமக்குரிய பாடத்தை அறிந்து தெரிந்தெடுத்தனரா என்பதை எண்ணிப் பார்த்ததுண்டோ? ஓட்டத்தில் முந்துதல் நன்றே. எந்த ஊருக்குச் செல்லும் பாதையில் ஓடுகின்றோம் என்பதை அறிதல் அதனினும் நன்று.

எம் இல்லத்தில் நிகழ்ந்ததையே முதற்கண் கூறுவோம். எம் தந்தையார் நூற்பாலையில் வேலை செய்பவர். எம்மை மேல்நிலை வகுப்பிற் சேர்க்க ஒருநாட் கூலியை இழந்து வந்தார். மேற்கண்ட வினா எழுந்தபோது, “ஐயா, தாங்களே பார்த்துப் போடுங்கள்” என்றார். மதிப்பெண்ணைப் பார்த்தனர், கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதற் பிரிவில் எம் பெயரை எழுதினர். இரண்டாண்டுகள் இயற்பியலோடும் வேதியியலோடும் போராடித் தேறி, பின்னர்த் தமிழ் பயில இக்கலாசாலைக்கு வந்தோம். எப்பிரிவில் தேறியவரும் தமிழ் இளங்கலையிற் சேரலாம் ஆதலின், எமக்கு உழைப்பு மிகுந்ததேயன்றி வழி அடைபடவில்லை.

எம்முடன் பயின்ற தோழி ஒருவரின் நிலை அவ்வாறன்று. அவருடைய அன்னையார் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை செய்பவர். தோழிக்குச் செவிலியராக வேண்டும் என்பது சிறுவயது முதற்கொண்ட அவா. சேர்க்கையன்று அவர் எம்மிடம் கருத்துக் கேட்டார். யாமோ ஒன்றும் அறியாமலே எல்லாம் அறிந்தவர்போல், “அறிவியல் கடினம், வணிகவியற் பிரிவு எளிது, அதில் நல்ல மதிப்பெண் பெற்றால் எங்கும் சேரலாம்” என்றோம். அவர் அவ்வாறே சேர்ந்தார். நல்ல மதிப்பெண்ணும் பெற்றார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சென்றபோதுதான், அதற்கு இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் பயின்றிருத்தல் வேண்டும் என்பது தெரிய வந்தது. அவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. கடிந்திருந்தால் எம் நெஞ்சுக்குச் சிறிது ஆறுதலாயிருந்திருக்கும். இக்கட்டுரையை யாம் எழுதுவதற்கு அதுவே காரணம்.

இனி, பெற்றோர் அறிய வேண்டுவன யாவை என்பதைச் சுருங்கக் காண்போம். தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு முதல், முன்னர்க் கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு நீங்கி, மேல்நிலைக் கல்வி பள்ளிகளிலேயே நடைபெற்று வருகின்றது. மாணவர் தமிழும் ஆங்கிலமும் பயில்வதோடு, தாம் சேர்ந்த பிரிவுக்குரிய நான்கு பாடங்களையும் பயில்வர். கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு உயிரியலோ கணினி அறிவியலோ சேர்ந்தது ஒரு வகை; கணிதம் நீங்கி, தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்தது மற்றொரு வகை; வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் முதலியன சேர்ந்தது பிறிதொரு வகை; வரலாறு முதலிய கலைப்பாடங்களும், தொழிற்கல்விப் பிரிவுகளும் உள. பொறியியலுக்குக் கணிதம் வேண்டும்; மருத்துவத்துக்கு உயிரியலும் நீட் தேர்வும் வேண்டும்; வணிகவியற் பட்டத்துக்குப் பல பிரிவினரும் செல்லலாம். இவற்றுள் உயர்ந்தது இது, தாழ்ந்தது இது என்பதில்லை. திறக்கும் கதவுகளும் மூடும் கதவுகளும் வேறு வேறு என்பதே உண்மை.

பதினோராம் வகுப்பைப் பற்றியும் ஒரு சொல். 2018 முதல் அவ்வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடந்து வந்தது. 2025இல் அரசு அதனை நீக்கிற்று. மாணவர் சுமை குறைந்தது நன்றே. ஆயின், பொதுத்தேர்வு இல்லையென்று அவ்வாண்டின் பாடங்களைத் தாண்டிச் செல்லின், நீட் முதலிய தேர்வுகளின்போது இடர்ப்பட நேரும். அவை ஈராண்டுப் பாடங்களிலிருந்தும் வினவுவன.

பள்ளியை மாற்றுவதிலும் பெற்றோர் அறியாத ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் 2020 முதல் ஒதுக்கப்படுகின்றன. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவையும் பயின்ற பள்ளியைப் பொறுத்தனவே. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்தவுடன், கடன் வாங்கியேனும் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் நம் ஊர்களிற் பலர். அம்மாற்றத்தால் எதனை இழக்கின்றனர் என்பதை அவர்கட்கு யார் கூறுகின்றனர்?

பதினோராம் வகுப்பு ஒன்றே வழி என்பதும் தவறு. பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையம் செல்லலாம். மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்குப் பாலிடெக்னிக் செல்லலாம். பட்டயம் பெற்றவர் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டிற் சேரவும் வழியுண்டு. இராஜபாளையத்திலேயே பி.ஏ.சி. இராமசாமி ராஜா பாலிடெக்னிக் உளது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் உளது. விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. கல்வி நிலையங்கள் நம் வீட்டு முற்றம்வரை வந்துவிட்டன. அவற்றுக்குச் செல்லும் வழியைக் கூறுவார்தாம் இலர்.

“படிப்பறியாப் பெற்றோர்க்கு இவற்றையெல்லாம் விளக்கினால் விளங்குமோ?” என்று சிலர் வினவுவர். சத்திரப்பட்டியிலே தறி வைத்திருப்பவர், பாவு ஓட்டுமுன் நூலின் எண்ணைக் கேட்பார். இழையைத் தொட்டுப் பார்ப்பார். விலையை ஒப்பு நோக்குவார். ஸ்ரீவில்லிபுத்தூரிலே பால்கோவா கிண்டுபவர் பாலின் தரத்தைக் கண்ணாலேயே அறிவார். தம் தொழிலில் இத்துணை நுட்பம் அறிந்தவர், தம் பிள்ளையின் படிப்பைப் பற்றித் தெளிவாகக் கூறினால் அறியமாட்டாரோ? அறியாமை அவர்பால் இல்லை. அறிவிக்காமை நம்பால் உளது.

“அறிவித்தால் யாவரும் முதற் பிரிவையே கேட்பர், இடத்துக்கு எங்கே போவது?” என்பர் வேறு சிலர். இன்று யாவரும் முதற் பிரிவைக் கேட்பது, மற்றவற்றின் பயனை அறியாமையால் அன்றோ? வணிகவியல் பயின்றவர் பட்டயக் கணக்கராகலாம் என்றும், வரலாறு பயின்றவர் சட்டம் பயிலலாம் என்றும் தெரிந்தால், கூட்டம் தானே பிரியும். ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது மெய்யே. ஆயின் ஆண்டுக்கு ஒரு மாலை போதும்.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தேர்வு முடிவுக்கும் சேர்க்கைக்கும் இடைப்பட்ட நாட்களில் ஒவ்வொரு பள்ளியும் பெற்றோர் கூட்டம் ஒன்று நடத்துக. அது காலை பத்து மணிக்கன்று, ஆலையிலும் தறிக்கூடத்திலும் வேலை முடிந்து வருவோர்க்கு ஏற்ற மாலை வேளையில் நிகழ்க. இரண்டாவது, ஒவ்வொரு பிரிவின் பாடங்களும், அது திறக்கும் வழிகளும், மூடும் வழிகளும் எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் தருக. மூன்றாவது, சேர்ந்த முதல் மாதத்துக்குள், தவறிச் சேர்ந்த பிள்ளை அச்சமின்றிப் பிரிவு மாற வழிசெய்க.

முன்னாள் முதலமைச்சர் பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள் இராஜபாளையத்தில் தம் இல்லத்தையே பொதுநலத்துக்கு ஈந்தார். அதுவே இன்று காந்தி கலை மன்றமாக விளங்குகின்றது. வீட்டையே தந்தவர் வாழ்ந்த ஊரில், ஒரு மாலைப் பொழுதைத் தருதல் அரிதாகுமோ?

பள்ளிகளை மட்டும் பணித்துவிட்டு யாம் ஒதுங்கி நிற்பது முறையன்று. இவ்விரு ஊர்களிலிருந்தும் வந்து இக்கலாசாலையிற் பயிலும் நண்பர்காள்! கோடை விடுமுறையில் நாம் ஊருக்குச் செல்கின்றோம். சேர்க்கை நடைபெறும் அச்சில நாட்கள், தலைமையாசிரியரின் இசைவு பெற்று, நாம் பயின்ற பள்ளியின் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் அமர்வோம். வரிசையில் நிற்கும் தாய் தந்தையரிடம், “பிள்ளைக்கு என்னவாக வேண்டும் என்று ஆசை?” என்று முதலிற் கேட்போம். அறிந்ததைக் கூறுவோம், அறியாததை ஆசிரியரிடம் வினவிக் கூறுவோம். அறியாமல் ஒருமுறை கூறியதன் விளைவை யாம் கண்டோம். இன்னொரு பிள்ளைக்கு அது நேராதிருக்க, வரும் மே மாதத்தில் எம்முடன் அப்பெஞ்சில் அமர எத்தனைபேர் வருவீர்?