ஆடிக் காற்றும் பழைய டீசல் காரும்

மதுக்கரையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காடு போய் வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் போகும்போது கார் திணறும். அதே சாலையில் திரும்பி வரும்போது ஜம்மென்று ஓடும். போகும்போது ஐந்தாவது கியரில் இழுக்காமல் நாலாவதுக்கு இறங்கிய பழைய இண்டிகா, வரும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே பறக்கும். ‘இன்ஜெக்டர் போச்சோ, பம்ப் போச்சோ’ என்று மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்களும் உண்டு. ஆனால், பல நேரங்களில் இதற்கெல்லாம் காரணம் எதிர்க்காற்றுதான்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் இடம்தான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் புகுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் இதை நம்பித்தான். மதுக்கரை இந்த வாசலின் ஓரத்திலேயே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் காற்று திசை மாறி, இங்கிருந்து பாலக்காட்டுப் பக்கம் வீசும். அப்போது போகும்போது சுகம், வரும்போது சுமை.

மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. இண்டிகாவும் நின்றுபோய் சில வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் இண்டிகா, ஸ்விஃப்ட், சுமோ, குவாலிஸ், பொலிரோ என்று பழைய டீசல் வண்டிகள் நம் ஊர் வீடுகளில் நிறையவே நிற்கின்றன. எஃப்.சி. பார்த்து ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு 15 வருஷத்துக்கு மேலும் அவற்றை ஓட்டுகிறவர்கள் உண்டு. புது கார் வாங்க இப்போதைக்கு வழியில்லை. டீசலோ லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் காற்றுக்குப் போகும் டீசலில் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும் என்பதுதான் இந்த வாரக் கணக்கு.

வேகத்தின் விலை

ஓடும் காரை இரண்டு விஷயங்கள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர் சாலையில் உருளும்போது ஏற்படும் தடை. இது வேகம் கூடினாலும் பெரிதாகக் கூடாது. மற்றொன்று காற்றின் தடை. இது வேகத்தின் சதுரமாகக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு.

இண்டிகா அளவுள்ள ஒரு காருக்கு உத்தேசக் கணக்கு போட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் டயர் தடையும் காற்றுத் தடையும் ஏறக்குறைய சமமாக இருக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தடை டயர் தடையைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் போய்விடும். ஆக, ஹைவேயில் நாம் போடும் டீசலில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. உக்கடத்திலோ காந்திபுரத்திலோ சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே டீசலைத் தின்பது பிரேக்கும் வண்டியின் எடையும்தான்.

100-ஐ 100-ஆல் பெருக்கினால் 10,000. 80-ஐ 80-ஆல் பெருக்கினால் 6,400. வேகத்தை 100-லிருந்து 80-க்குக் குறைத்தால் காற்றுத் தடை 36 சதவிகிதம் குறைகிறது. 40 கிலோமீட்டர் தூரத்துக்கு 100-ல் போனால் 24 நிமிஷம். 80-ல் போனால் 30 நிமிஷம். வெறும் ஆறு நிமிஷ வித்தியாசம். இதற்குக் காரில் ஒரு ஸ்க்ரூகூட மாற்ற வேண்டியதில்லை. 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், 80-ல் ஓட்டுவதைவிட 40 சதவிகிதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறது. ஹைவேயில் 50-ல் உருட்டுவது எல்லோருக்கும் முடியாது. 80-ல் நிற்பது முடியும்.

போகும்போது போனது வரும்போது வராது

‘போகும்போது எதிர்க்காற்றில் போன டீசல், வரும்போது பின்காற்றில் கிடைத்துவிடுமே’ என்று நினைக்கத் தோன்றும். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

நீங்கள் 80-ல் ஓட்டுகிறீர்கள். காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வீசுகிறது. காருக்கு அது 100 கிலோமீட்டர் வேகக் காற்று. சதுரம் 10,000. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து வந்தால் காருக்கு 60 கிலோமீட்டர்தான். சதுரம் 3,600. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 6,800. காற்றே இல்லாத நாளில் 6,400. போக வர ஒரே தூரம் என்றாலும் காற்றடிக்கிற நாளில் தடை சுமார் 6 சதவிகிதம் அதிகம். எதிர்க்காற்று நாளில் வேகத்தை 70-க்கு இறக்கி, பின்காற்றில் 80-க்கு ஏற்றி ஓட்டினால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம். பின்காற்று தரும் லாபத்தை 100-ல் ஓட்டிக் கரைத்துவிட வேண்டாம்.

முதலில், நாம் சேர்த்ததைக் கழற்றுவோம்

காரைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்தபோது இல்லாதது என்னென்ன இருக்கிறது?

பெரும்பாலான வண்டிகளில் முதலில் கண்ணில் படுவது மேலே இருக்கும் கேரியர். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குப் போக மாட்டியது, அடுத்த கார்த்திகை வரை அங்கேயே கிடக்கும். காலி கேரியரும் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் வரும். வேகத்தில் கேட்கும் ‘ஊய்’ சத்தமே அதற்குச் சாட்சி. கூரைமேல் பெட்டி ஏற்றினால் என்ன ஆகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கு கொடுத்திருக்கிறது. ஊருக்குள் 2 முதல் 8 சதவிகிதம் வரையும், ஹைவேயில் 6 முதல் 17 சதவிகிதம் வரையும் மைலேஜ் குறையும். 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் 25 சதவிகிதம் வரைகூடப் போகலாம். மூட்டை முடிச்சு டிக்கிக்குள் அடங்குமென்றால் அங்கேயே வையுங்கள். மேலே கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தார்ப்பாயை இழுத்து, படபடக்காதபடி கட்டுங்கள். ஊர் திரும்பியதும் நாலு நட்டைக் கழற்றிக் கேரியரை வீட்டில் இறக்கி வையுங்கள்.

அடுத்தது முன்னால் மாட்டியிருக்கும் இரும்பு கிராஷ் கார்டு. எடையும் கூடுகிறது, காற்றும் முட்டுகிறது. அதைவிடப் பெரிய விஷயம் உயிர். மோதினால் அடி நேரே சேஸிஸுக்குப் போகும். ஏர்பேக் உள்ள வண்டியில் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். மோதப்படும் பாதசாரிக்கோ நிச்சயம் கேடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைச் சுட்டி, இதை அனுமதிக்கக் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

மூன்றாவது, டிக்கிமேல் வைக்கும் இறக்கை. மதுக்கரைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை வரும். நம் கோவைக்காரர் கரிவர்தன் பெயரில் அமைந்த களம் அது. ரேஸ் காரின் இறக்கை, வளைவில் டயர் வழுக்காமலிருக்கக் காரைத் தரையோடு அழுத்துவதற்காக இருக்கிறது. அந்த அழுத்தத்துக்கு விலையாகக் காற்றுத் தடை கூடும். ரேஸ்காரருக்கு அது லாபம். பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற இண்டிகாவுக்கு வீண் செலவு.

அடுத்து, தொலைந்ததைத் திரும்ப மாட்டுவோம்

பழைய வண்டிகளில் யாரும் குனிந்து பார்க்காத ஓர் இடம், அடிப்பாகம். என்ஜினுக்குக் கீழே கம்பெனி ஒரு பிளாஸ்டிக் தட்டு கொடுத்திருக்கும். ஆயில் மாற்றும்போது கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். அல்லது வேகத்தடையில் இடித்து உடைந்து போயிருக்கும். சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறையும், பம்பருக்குக் கீழே இருக்கும் ரப்பர் பட்டையும் இப்படித்தான் காணாமல் போகும். இவையெல்லாம் காற்றை அடியில் சிக்கவிடாமல் வழுக்கிப் போக வைக்கத்தான் வைக்கப்பட்டவை. ஸ்பேர்ஸ் கடையில் உங்கள் மாடலுக்கான தட்டையே கேட்டு வாங்கி மாட்டுங்கள். பழைய காருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏரோடைனமிக் வேலை கிடையாது.

வண்டியின் வடிவம் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் கம்பெனியே சாட்சி. அவர்களுடைய பழைய பீட்டில் காரின் காற்றுத் தடைக் குணகம் 0.48. அதே கம்பெனி 2013-ல் கொண்டுவந்த எக்ஸ்.எல்.1 என்ற டீசல் ஹைபிரிட் காரில் அது 0.189. முன்னால் உருண்டு, பின்னால் ஒடுங்கி, பின்சக்கரங்களை மூடி, கிட்டத்தட்ட நீர்த்துளி மாதிரி அதைச் செய்தார்கள். இரண்டு பேர்தான் உட்காரலாம். விற்றதும் சில நூறுதான். பின்பக்கம் செங்குத்தாக வெட்டி நிற்கும் சுமோவையோ பொலிரோவையோ நாம் அப்படி மாற்ற முடியாது. அவற்றுக்கு வேகம் குறைப்பதும் கேரியரைக் கழற்றுவதும்தான் வைத்தியம்.

கண்ணாடி விஷயம் சுலபம். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஜன்னலைத் திறந்து வைத்து ஏ.சி.யை அணைக்கலாம். ஹைவேயில் ஜன்னலை ஏற்றிவிடுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

யூடியூப் பார்த்துவிட்டு முன் கிரில்லை அட்டை வைத்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். பனி கொட்டும் ஊர்களில் அது எடுபடலாம். சித்திரை வெயிலில், ஏ.சி. போட்டுக்கொண்டு மலை ஏறும் பழைய டீசல் என்ஜினுக்கு அது விஷப்பரீட்சை. ரேடியேட்டர் கொதித்து ஹெட் கேஸ்கெட் போனால், வருஷம் முழுக்க மிச்சம் பிடித்த டீசல் காசு ஒரே நாளில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும்.

அடிப்பாகம் முழுவதையும் ஃப்ளெக்ஸ், அட்டை, பிளாஸ்டிக் ஷீட் கொண்டு நீங்களே மூடாதீர்கள். சைலன்ஸர் குழாய் சூட்டில் அது தீப்பிடிக்கும். சக்கரத்தைக் காற்றுப் புகாமல் மூடும் தட்டும் வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து இறங்கும்போது பிரேக்குக்குக் காற்று கட்டாயம் வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் கழற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இருப்பதிலேயே ஆபத்தானது, கன்டெய்னர் லாரியின் முதுகை ஒட்டி ஓட்டுவது. லாரிக்குப் பின்னால் காற்று குறைவு, அதனால் டீசல் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம். லாரிக்காரர் பிரேக் போட்டது நம் கண்ணுக்குத் தெரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 22 மீட்டரும் தீர்ந்துவிடும். இதில் மிச்சமாகிற எந்தக் காசும் வேண்டாம்.

அளந்து பாருங்கள்

மைலேஜ் கூடியதா என்பதை மனக்கணக்காகச் சொல்லக் கூடாது. அதுவும் காற்று வாசலில் இருக்கும் நம் பக்கத்தில் கூடவே கூடாது. பின்காற்றில் ஒரு தடவை ஓட்டிவிட்டு, ‘கேரியரைக் கழற்றியதில் 3 கிலோமீட்டர் கூடிவிட்டது’ என்று ஏமாறுவது சுலபம்.

ஒரே பங்க், ஒரே பம்ப். நாஸில் முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள். குறைந்தது 300 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். 5 லிட்டர் போட்டு அளந்தால், அரை லிட்டர் தவறு 10 சதவிகிதப் பிழையாகிவிடும். 20 லிட்டரில் அது இரண்டரை சதவிகிதம்தான். போக, வர இரண்டு திசையும் சேர்ந்து வர வேண்டும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடாகாதபோது, கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றுப் பிடித்திருக்க வேண்டும். மாற்றம் செய்வதற்கு முன் இரண்டு தடவை, பின் இரண்டு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள்.

மாதம் 1,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 100 லிட்டர் டீசல். ஹைவே ஓட்டம் அதிகமுள்ளவர்கள் கேரியரைக் கழற்றி, அடித்தட்டை மாட்டி, 80-ல் ஓட்டி 10 சதவிகிதம் மிச்சம் பிடித்தால் மாதம் 10 லிட்டர். அதாவது 900 ரூபாய்க்கு மேல். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 11,000 ரூபாய். பழைய காரின் இன்ஷூரன்ஸுக்கோ நாலு டயரில் இரண்டுக்கோ அந்தப் பணம் ஆகும்.

இந்த ஆடியில் போக வர அளந்து பார்ப்பவர்கள், வண்டியின் மாடல், போன ஊர், வந்த மைலேஜ் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம், டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்ற பஞ்சாயத்தைத் தீர்த்துக்கொள்வோம்.