மந்திரவாதிக்கு இடமில்லை

ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது வீரன், மந்திரவாதி, மதகுரு என மூன்றே வகைப் பாத்திரங்கள். பின்னர் வகைகள் பெருகின, மந்திரமும் மலிந்தது.

இத்தகைய விளையாட்டுக்குப் புதிய உலகம் படைப்போர் பலர், 'இங்கே மந்திரம் அபூர்வம்' என்று முன்னுரையில் எழுதிவிட்டு, ஆட வருவோரில் பாதிப் பேரை மந்திரவாதிகளாக்கி விடுகின்றனர். பிறகு அபூர்வம் ஏது? வெட்டுக்காயம் ஓர் உச்சாடனத்தில் ஆறுமானால் வாளுக்கு அஞ்சுவார் யார்?

கிரெக் ஸ்டாஃபோர்டு 1985-இல் வெளியிட்ட 'கிங் ஆர்தர் பென்டிராகன்' முதற்பதிப்பில் ஆடுவோர் அனைவரும் ஆர்தர் மன்னன் காலத்துக் குதிரைவீரர்களே. மந்திரம், கதை நடத்துபவர் கையில் மட்டும். காயம் மெல்லத்தான் ஆறும். ஆண்டுதோறும் வயது ஏறும். தந்தை மாண்டால் மகன் வாளேந்த வேண்டும்.

எல்லாரும் ஒரே வகையென்றால் சலிக்காதா என்பர். கருணை–கொடுமை, அடக்கம்–செருக்கு என 13 ஜோடிக் குணங்களுக்கு எண் கொடுத்து, ஆளுக்கு ஆள் வேறுபடுத்தினார் ஸ்டாஃபோர்டு. கருணை மிக்கவன் எதிரியைக் கொல்லத் தயங்குவான். அது அவனுக்கே ஆபத்தாகவும் முடியும். இதைவிடச் சுவையான வேறுபாட்டை எந்த மந்திரக்கோல் தரும்?

மெர்லின் அங்கும் உண்டு. எப்போது வருவார் என்பதுதான் ஆடுவோருக்குத் தெரியாது.